முதலில் பெயர், பிறகு நிறுவல்: லினக்ஸ் சர்வரில் கீக்ளோக்

கீக்ளோக்கை டவுன்லோட் செய்து, விரித்து, ஓடவிட்டு, லாகின் பக்கத்தைக் கண்ணால் பார்க்கக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்துக்கு இணையத்தில் வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. விவகாரம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். லாகின் பக்கம் வரும், பாஸ்வேர்டும் ஏற்கப்படும், ஆனால் நாம் போக நினைத்த செயலிக்குத் திரும்பும் நேரத்தில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். அந்த இடத்தில் பெரும்பாலான வழிகாட்டிகள் முடிந்துபோயிருக்கும்.

இப்படி நடுவழியில் நின்றுவிட்டு என்னிடம் கேட்பவர்களின் சிக்கல்களில் பாஸ்வேர்டு சம்பந்தப்பட்டவை அபூர்வம். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: சர்வரின் பெயர், அந்தப் பெயருக்கான சான்றிதழ், கடிகாரம். அதனால் இந்தப் பதிவில் நிறுவலைவிட அந்த மூன்றுக்குத்தான் அதிக இடம். கட்டளைகளை வரிக்கு வரி அடுக்கப் போவதில்லை. அவை கீக்ளோக்கின் ஆவணத்தில் பதிப்புவாரியாக இருக்கின்றன, பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்கின்றன. எந்தக் கட்டளையை ஏன் கொடுக்கிறோம் என்பது மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை.

எதற்கு இது?

எங்கள் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுக்குக் கிட்லேப், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சர்வர் வரைபடங்களுக்குக் கிராஃபானா, கணக்குப் பிரிவுக்கென்று எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிஎச்பி செயலி ஒன்று. நான்கிலும் தனித்தனிப் பயனர் பட்டியல், தனித்தனி பாஸ்வேர்டு. புதிதாக ஒருவர் சேர்ந்தால் நான்கு இடத்தில் சேர்க்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் நான்கு இடத்தில் நீக்க வேண்டும், நான்காவது இடம் எப்போதும் மறந்துபோகும். கவலைப்பட வேண்டியது அந்த நான்காவது இடத்தைப் பற்றித்தான்.

கீக்ளோக் இந்த நான்குக்கும் பொதுவான ஒரே வாசலாக நிற்கிறது. ரெட் ஹேட் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம் இது. முதல் நிலையான பதிப்பு 2014-ல் வந்தது. 2023-ல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையின் குடைக்குள் போனது. அப்பாச்சி உரிமத்தில் வருகிற திறமூல மென்பொருள், ஜாவாவில் எழுதப்பட்டது. ஓப்பன்ஐடி கனெக்ட், ஓஆத் 2.0, சாம்ல் 2.0 ஆகிய மூன்று நெறிமுறைகளையும் பேசும். உங்கள் செயலி கடந்த பத்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது என்றால் ஓப்பன்ஐடி கனெக்ட் போதும். பழைய பெரிய நிறுவனச் செயலிகளுக்குத்தான் சாம்ல் தேவைப்படும்.

வேலை நடக்கும் விதம் இது. சான்றிதழ் நகலில் கெஜட்டட் அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நகலை வாங்குகிற அலுவலகம் உங்கள் மூலச் சான்றிதழைக் கேட்பதில்லை. கையெழுத்திட்டவர் யார், முத்திரை அவருடையதுதானா, தேதி சரியா என்று மூன்றைத்தான் பார்க்கிறது. இங்கும் அப்படித்தான். கிராஃபானா உங்கள் பாஸ்வேர்டைப் பார்க்கவே பார்க்காது. உங்களைக் கீக்ளோக்கிடம் அனுப்பிவிடும். கீக்ளோக் உங்களைச் சரிபார்த்து, கையெழுத்திட்ட ஒரு டோக்கனைக் கொடுக்கும். அந்த டோக்கனுக்குள் வழங்கியவரின் முகவரி, யாருக்காக வழங்கப்பட்டது, எப்போது வழங்கப்பட்டது, எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் எழுதியிருக்கும். முகவரி ஒரு எழுத்து மாறினாலும், ஒழுங்காகச் சரிபார்க்கும் செயலி ஏற்காது. கையெழுத்து பொருந்தாவிட்டாலும், நேரம் இடித்தாலும் ஏற்காது. மேலே சொன்ன மூன்றில் பெயரும் கடிகாரமும் இந்தச் சரிபார்ப்பிலிருந்தே பிறக்கின்றன. சான்றிதழ், இந்தப் பரிமாற்றம் நடக்கும் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டியது.

பெயர்

மென்பொருளைத் தொடும் முன்பே ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைன் போதும். ‘லாகின்’ என்றோ ‘ஐடி’ என்றோ தொடங்கலாம். ‘கீக்ளோக்’ என்றே வைக்காதீர்கள். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ஐபி எண்ணை வைத்து ஓட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஒவ்வொரு டோக்கனிலும் இந்தப் பெயர் அச்சாகப் போகிறது. இணைத்த ஒவ்வொரு செயலியின் அமைப்பிலும் இது எழுதப்படும். ஆறு மாதம் கழித்துப் பெயரை மாற்றுவது என்றால் அத்தனை செயலிகளையும் ஒரே நாளில் தொட வேண்டியிருக்கும்.

பெயர் முடிவானதும், அது எங்கிருந்து கேட்டாலும் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். இது பலர் தவறவிடும் இடம். பயனரின் பிரவுசர் கீக்ளோக்கை அணுகுவது ஒரு வழி. செயலியின் சர்வர் பின்புறமாக நேரடியாகக் கீக்ளோக்கை அழைத்து டோக்கனை வாங்குவது இன்னொரு வழி. பிரவுசருக்கு வெளியிலிருந்து முகவரி கிடைத்துவிடும். அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும் செயலி சர்வர் அதே பெயரைக் கேட்கும்போது, வெளி ஐபிக்குப் போய், தன் ரூட்டரிலேயே முட்டிக்கொண்டு திரும்பும். பாஸ்வேர்டு கொடுத்த பிறகு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு உள் ஐபியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பின்புற அழைப்புகளுக்கு மட்டும் வேறு முகவரியை அனுமதிக்கும் அமைப்பும் கீக்ளோக்கில் உண்டு. ஆனால் எங்கும் ஒரே பெயர் என்பதுதான் பின்னால் தலைவலி தராத வழி.

சான்றிதழ், கடிகாரம்

எச்டிடிபிஎஸ் இல்லாமல் சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று தொடங்குகிறவர்களுக்குக் ‘குக்கீ கிடைக்கவில்லை’ என்ற செய்தி வரும். கீக்ளோக் தன் லாகின் குக்கீகளைப் பாதுகாப்பான இணைப்புக்கு மட்டும் என்று குறியிட்டு அனுப்புகிறது. வெறும் எச்டிடிபியில் பிரவுசர் அவற்றை வைத்துக்கொள்ளாது. பிரவுசர் அமைப்பைக் குடைந்து பயனில்லை, சான்றிதழ் வாங்குங்கள்.

வெளி உலகத்துக்குத் திறக்காத சர்வராக இருந்தாலும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு மூலம் வாங்கலாம். அதற்கு 80-ம் போர்ட்டைத் திறக்கத் தேவையில்லை. சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அதனால் சர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கிறதா, புதுப்பித்த பிறகு வெப் சர்வர் அதை மறுபடி ஏற்றிக்கொள்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். புதுப்பித்த சான்றிதழ் கோப்பில் கிடக்க, என்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்திருப்பது நடக்கக்கூடியதுதான். லாகின் சர்வரின் சான்றிதழ் காலாவதியானால் ஒரு செயலி மட்டும் நிற்காது, எல்லாமே நிற்கும்.

சொந்தச் சான்றளிப்பு அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த மூலச் சான்றிதழைச் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நோட்.ஜேஎஸ் தன்னுள்ளே நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலைக் கொண்டே வருகிறது. பைத்தானின் பல நூலகங்களும் தங்களுக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கின்றன. கர்ல் வேலை செய்கிறது, செயலி மட்டும் ‘சான்றிதழை நம்ப முடியவில்லை’ என்கிறது என்றால் காரணம் இதுதான்.

கடிகாரத்துக்கு ஒரு பத்தி போதும். டோக்கனில் நேரம் இருக்கிறது. செயலி சர்வரின் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால், டோக்கன் எதிர்காலத்தில் வழங்கப்பட்டதாகத் தெரியும், தள்ளிவிடும். கைபேசியில் வரும் ஆறு இலக்க ஓடிபி 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. அதுவும் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. எல்லா சர்வரிலும் குரோனியோ சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவோ ஓடுகிறதா என்று பாருங்கள். வர்ச்சுவல் மெஷின்களை நிறுத்தி மறுபடி எழுப்பும் பழக்கம் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

இப்போது நிறுவலாம்

உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் கீக்ளோக் கிடையாது. ஏப்ட் மூலம் வராது. திட்டத்தின் தளத்திலிருந்து சுருக்கப்பட்ட கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அல்லது டாக்கர் படிமத்தை எடுக்கலாம். டாக்கர் பழகியவர்கள் அதிலேயே போகலாம். நான் இங்கே நேரடி நிறுவலைச் சொல்கிறேன். எது எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள அது எளிது.

2024 அக்டோபரில் வந்த 26-ம் பதிப்புக்கு ஜாவா 21 பொருத்தம். 17-லும் ஓடும், ஆனால் அதற்கான ஆதரவை முடித்துக்கொள்ளப் போவதாக முன்பே அறிவித்துவிட்டார்கள். உபுண்டு 24.04-ல் ஜாவா 21 களஞ்சியத்திலேயே இருக்கிறது. டெபியன் 13-லும் உண்டு. டெபியன் 12-ல் 17 மட்டும்தான். புது சர்வர் என்றால் இதை வைத்தே ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். நினைவகம் 2 ஜிபிக்குக் கீழே வேண்டாம். டேட்டாபேஸும் அதே மெஷினில் என்றால் 4 ஜிபி கொடுங்கள்.

தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, ஷெல் இல்லாமல் வைத்து, ஆப்ட் டைரக்டரிக்குள் விரித்த கோப்புகளை அவர் பெயருக்கு மாற்றுங்கள். ரூட்டாக ஓட்டாதீர்கள். பதிப்பு எண் உள்ள டைரக்டரியை அப்படியே விட்டுவிட்டு, ‘கீக்ளோக்’ என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்லிங்க் கொடுத்தால், அடுத்த மேம்பாட்டின்போது இணைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

டேட்டாபேஸ் கட்டாயம். டெவலப்மென்ட் முறையில் எச்2 என்ற சிறு டேட்டாபேஸ் உள்ளேயே வரும். சோதனைக்கு மட்டும்தான் அது. போஸ்ட்கிரெஸ் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 15 முதல் சாதாரண பயனருக்குப் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கும் உரிமை இயல்பாகக் கிடையாது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி டேட்டாபேஸை உருவாக்கி அனுமதி மட்டும் கொடுத்தால், கீக்ளோக் முதல் தொடக்கத்திலேயே ‘ஸ்கீமாவில் அனுமதி இல்லை’ என்று நின்றுவிடும். டேட்டாபேஸை உருவாக்கும்போதே அதன் உரிமையாளராகக் கீக்ளோக் பயனரை வைத்துவிடுங்கள், அந்தச் சிக்கலே வராது.

அமைப்புக் கோப்பில் என்ன எழுதுவது

கான்ஃப் டைரக்டரியில் ஒரே கோப்பு. அதில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். டேட்டாபேஸ் வகை, முகவரி, பயனர், பாஸ்வேர்டு. ஹோஸ்ட்நேம் என்ற இடத்தில் நீங்கள் முடிவு செய்த பெயரை எச்டிடிபிஎஸ்ஸுடன் முழு முகவரியாகக் கொடுங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் நின்று எச்டிடிபிஎஸ்ஸைக் கவனித்துக்கொள்ளும் என்றால், எச்டிடிபியை அனுமதிக்கும் வரியைச் சேருங்கள். ப்ராக்ஸி அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட் ஹெடர்களை நம்பச் சொல்லும் வரி அடுத்தது. கடைசியாக, 127.0.0.1-ல் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 8080-ம் போர்ட் எல்லா நெட்வொர்க்கிலும் திறந்திருக்கும். ப்ராக்ஸியைச் சுற்றிவந்து பொய் ஹெடர் அனுப்ப யாருக்கும் வழி தரக் கூடாது.

‘ப்ராக்ஸி எட்ஜ்’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும் கட்டுரைகளைப் பார்ப்பீர்கள். அது பழைய முறை, இப்போது நீக்கப்பட்டுவிட்டது. அதேபோல முகவரியில் ‘ஆத்’ என்ற பாதை வருகிற வழிகாட்டி எல்லாம் வைல்ட்ஃப்ளை என்ற பழைய அடித்தளத்தின் காலத்தவை. 2022-ல் வந்த 17-ம் பதிப்பில் கீக்ளோக் குவார்கஸுக்கு மாறியது. அப்போது அந்தப் பாதையும் இயல்பமைப்பிலிருந்து போய்விட்டது. செயலி ஒன்று 404 கொடுத்தால், அதன் அமைப்பில் அந்தப் பழைய பாதை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு பில்ட் கட்டளை. கீக்ளோக் தன்னை உங்கள் டேட்டாபேஸ் வகைக்கும் தேர்ந்தெடுத்த வசதிகளுக்கும் ஏற்ப முன்கூட்டியே தயார் செய்துகொள்கிறது. அதன்பின் ‘ஆப்டிமைஸ்டு’ என்ற குறிப்புடன் தொடங்கினால் சீக்கிரம் எழும். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் இந்தத் தொடக்கக் கட்டளையையும், பயனர் பெயரையும், போஸ்ட்கிரெஸுக்குப் பிறகு தொடங்கு என்ற வரியையும் போட்டால் போதும்.

முதல் நிர்வாகியின் பெயரையும் பாஸ்வேர்டையும் என்விரான்மென்ட் மாறிகளாக முதல் தொடக்கத்தில் கொடுக்க வேண்டும். 26-ம் பதிப்பில் இவற்றின் பெயர்கள் மாறியிருக்கின்றன. இப்போது அவற்றில் ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற சொல் வரும். அந்தச் சொல் சும்மா வரவில்லை. அப்படி உருவாகும் நிர்வாகி தற்காலிகமானவர். உள்ளே நுழைந்ததும் மேலே ஓர் எச்சரிக்கை தெரியும். உங்கள் பெயரில் நிரந்தர நிர்வாகியை உருவாக்கி, ஓடிபியைச் சேர்த்து, தற்காலிகரை நீக்கிவிடுங்கள்.

முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ்

என்ஜின்எக்ஸில் 443-ல் வருவதை 8080-க்கு அனுப்பும் வழக்கமான அமைப்புதான். ஹோஸ்ட், ஃபார்வர்டட்-ஃபார், ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடர்களைச் சேர்க்க மறக்காதீர்கள். ப்ரோட்டோ போகாவிட்டால், வந்த கோரிக்கை எச்டிடிபிஎஸ்தான் என்பது கீக்ளோக்குக்குத் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும், சிலருக்கு மட்டும் 502 வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை என்ற வினோதமான புகார் ஒன்று உண்டு. அவர்கள் நிறையக் குழுக்களிலும் பொறுப்புகளிலும் இருப்பவர்கள். அவர்களுக்கான டோக்கனும் குக்கீயும் பெரிதாகிவிடும். என்ஜின்எக்ஸ் ஒரு பதிலின் ஹெடருக்கு ஒதுக்கும் இடம் இயல்பாக 4 அல்லது 8 கேபிதான். அந்த பஃபர் அளவைக் கூட்டினால் சரியாகும். லாக் கோப்பில் ‘ஹெடர் மிகப் பெரிது’ என்று அது சொல்லியே இருக்கும், பார்க்கத்தான் ஆள் வேண்டும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் எல்லாருக்குமே 502 என்றால் எஸ்இலினக்ஸைப் பாருங்கள். வெப் சர்வர் நெட்வொர்க்கில் இணைய அனுமதிக்கும் ஒரு பூலியனை இயக்க வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிற வழக்கம் லாகின் சர்வரில் வேண்டாம்.

நிர்வாகப் பக்கத்தை எல்லாருக்கும் திறந்துவைக்கத் தேவையில்லை. பயனர்களுக்கு வேண்டியது ரெல்ம் (தனிப் பயனர் பட்டியல் கொண்ட பிரிவு), ரிசோர்சஸ் பாதைகள். ‘அட்மின்’ பாதையை அலுவலக ஐபிகளுக்கு மட்டும் என்று என்ஜின்எக்ஸிலேயே கட்டிவிடலாம்.

இனி ஒரு சோதனை. ஒவ்வொரு ரெல்முக்கும் ‘வெல்-நோன்’ பாதையில் ஓப்பன்ஐடி அமைப்பு விவரம் ஜேசனாகக் கிடைக்கும். அதைப் பிரவுசரிலும் பாருங்கள், செயலி சர்வரிலிருந்து கர்லிலும் பாருங்கள். ‘இஷ்யூவர்’ என்ற வரி இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக, எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி, நீங்கள் முடிவு செய்த பெயருடன் இருக்கிறதா? இருந்தால் மேலே போகலாம். இல்லாவிட்டால் ஒரு செயலியையும் இணைக்காதீர்கள். இங்கே நின்று சரிசெய்வது எளிது, பிறகு தேடுவது கடினம்.

ரெல்ம், கிளையன்ட், ரீடைரக்ட்

மாஸ்டர் ரெல்ம் நிர்வாகத்துக்கு மட்டும். அலுவலகத்துக்கென ஒரு புது ரெல்ம் உருவாக்குங்கள். அதன் பெயரும் முகவரியில் வரும் என்பதால் சிறிதாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஒவ்வொரு செயலியும் அந்த ரெல்முக்குள் ஒரு கிளையன்ட்.

கிளையன்டில் முக்கியமானது ரீடைரக்ட் முகவரி. லாகின் முடிந்ததும் பயனரை எங்கே திருப்பி அனுப்பலாம் என்று கீக்ளோக்குக்கு நாம் கொடுக்கும் பட்டியல் அது. ‘தவறான ரீடைரக்ட்’ என்ற பிழை வந்ததும் எரிச்சலில் நட்சத்திரக் குறியைப் போட்டு எல்லாவற்றையும் அனுமதித்துவிடுகிறவர்கள் உண்டு. அது வாசலைத் திறந்து வைப்பதுதான். கையெழுத்தான அனுமதியைத் தன் சர்வருக்குத் திருப்பிவிட ஒரு திருடனுக்கு அது போதும். செயலி கேட்கும் சரியான முகவரி பிழை வந்த பக்கத்தின் முகவரிப் பட்டையிலேயே இருக்கிறது. அதைப் படித்து அப்படியே எழுதுங்கள். கிராஃபானாவுக்கு லாகின் பாதைக்குக் கீழே ‘ஜெனரிக் ஓஆத்’ என்று முடியும். கிட்லேப்புக்கும் நெக்ஸ்ட்கிளவுட்டுக்கும் அவற்றின் ஆவணத்தில் இருக்கிறது.

முதலில் கிராஃபானாவை இணையுங்கள். தவறிப்போனாலும் யாருடைய வேலையும் நிற்காது. உள்ளே நுழைந்தவர் எல்லாம் நிர்வாகி ஆகிவிடாதபடி, கீக்ளோக்கில் உள்ள பொறுப்பை வைத்துக் கிராஃபானாவின் அதிகாரத்தைத் தீர்மானிக்கும் வரியையும் எழுதிவிடுங்கள். யார் என்று சொல்வது கீக்ளோக்கின் வேலை. என்ன செய்யலாம் என்று தீர்மானிப்பது இன்னமும் செயலியின் வேலைதான்.

அந்தப் பழைய பிஎச்பி செயலிக்கு ஓப்பன்ஐடி என்றால் என்னவென்றே தெரியாது. அதன் கோடைத் தொடவும் யாரும் தயாரில்லை. அப்பாச்சியில் அதற்கென ஒரு மாட்யூல் இருக்கிறது. செயலிக்கு முன்னால் நின்று, கீக்ளோக்கிடம் அனுப்பி வாங்கி, உறுதியான பயனர் பெயரை ரிமோட்-யூசர் மாறியில் கொடுத்துவிடும். என்ஜின்எக்ஸ் என்றால் ஓஆத்2-ப்ராக்ஸி அதே வேலையைச் செய்யும். ஒரே நிபந்தனை, அந்த ப்ராக்ஸியைத் தாண்டிச் செயலியை யாரும் நேரடியாக அணுக முடியக் கூடாது. ஹெடரில் வரும் பெயரைச் செயலி கண்ணை மூடிக்கொண்டு நம்பும்.

மனிதர்கள்

மாற்றத்தை அறிவித்ததும் கணக்குப் பிரிவு அக்கா கேட்டது இது: “தம்பி, இனிமே எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னா, அது உனக்குத் தெரியுமா?”

நியாயமான கேள்வி. “தெரியாதுக்கா. மாத்திக் கொடுக்கலாம், என்னன்னு பார்க்க முடியாது” என்றேன். டேட்டாபேஸில் இருப்பது ஹாஷ்தான். 25-ம் பதிப்பிலிருந்து கீக்ளோக் இயல்பாக ஆர்கான்2 முறையைப் பயன்படுத்துகிறது. ஆனால் அக்கா விடவில்லை. “அப்ப ஒருத்தன் என் பாஸ்வேர்டைத் திருடினா எல்லாமே போச்சா?” என்றார். ஆமாம், அதுதான் ஒற்றை வாசலின் விலை. அதனால்தான் இரண்டாவது சரிபார்ப்பு இங்கே விருப்பத்துக்கு விடக்கூடியது இல்லை. ஓடிபி அமைப்பதை ஒவ்வொருவரும் முதல் லாகினில் கட்டாயம் செய்யும்படி வைக்கலாம். முடிந்தவர்களுக்குப் பாஸ்கீ கொடுங்கள்.

இயல்பமைப்பில் அணைந்திருக்கிற ஒன்றையும் இயக்கிவிடுங்கள்: திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்டு முயற்சிப்பவர்களைத் தடுக்கும் வசதி. மின்னஞ்சல் சர்வர் விவரத்தையும் கொடுத்துச் சோதியுங்கள். பாஸ்வேர்டு மறந்தவர் தானே மாற்றிக்கொள்ள அது வேண்டும். சோதனை அஞ்சல் உங்கள் சொந்தக் கணக்கில் உள்ள முகவரிக்குத்தான் போகும், அதனால் நிர்வாகிக் கணக்கில் மின்னஞ்சல் இருக்க வேண்டும்.

இப்போது அந்த நான்காவது இடம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கைக் கீக்ளோக்கில் முடக்கினால் எல்லா இடத்திலும் அந்த நொடியே வெளியேறிவிடுவாரா? மாட்டார். கீக்ளோக் வழங்கும் அணுகல் டோக்கன் இயல்பாக 5 நிமிடம் செல்லும். ஆனால் செயலி தனக்கென ஒரு குக்கீ கொடுத்து, அதை இரண்டு வாரம் வரை ஏற்றுக்கொள்ளும்படி வைத்திருந்தால், அந்த இரண்டு வாரமும் அவர் உள்ளேதான். பின்புற லாக்அவுட்டை ஆதரிக்கும் செயலிகளில் அதை அமையுங்கள். மற்றவற்றில் செஷன் காலத்தை ஒரு வேலைநாள் அளவுக்குக் குறையுங்கள். ‘எல்லாம் ஒரே இடத்தில் முடக்கியாச்சு’ என்று மனிதவளப் பிரிவுக்குச் சொல்லும் முன், ஒரு சோதனைக் கணக்கை வைத்து ஒவ்வொரு செயலியிலும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அது விழுந்தால்

கீக்ளோக் நின்றால் புதிதாக யாரும் எதற்குள்ளும் நுழைய முடியாது. நீங்களும்தான். அதனால் ஒவ்வொரு செயலியிலும் ஒரு உள்ளூர் நிர்வாகிக் கணக்கை விட்டுவையுங்கள். நீண்ட பாஸ்வேர்டு, எங்காவது பூட்டி வைத்தது, பயன்படுத்தினால் எல்லாருக்கும் அறிவிப்பு போவது. சர்வருக்குள் எஸ்எஸ்எச்சில் நுழையும் வழி எந்த வகையிலும் கீக்ளோக்கைச் சார்ந்திருக்கக் கூடாது. கீக்ளோக் நிர்வாகிக் கணக்கே பூட்டிக்கொண்டால், சர்வரை நிறுத்திவிட்டு அதே பூட்ஸ்ட்ராப் கட்டளையால் புது தற்காலிக நிர்வாகியை உருவாக்கலாம். ஆக, சர்வரின் ஷெல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் எல்லாச் சாவியும்.

பேக்கப் என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும், கான்ஃப் கோப்பும், தனி தீம் இருந்தால் அதுவும். ரெல்மை ஜேசனாக ஏற்றுமதி செய்வது கூடுதல் வசதி. டேட்டாபேஸ் பேக்கப்புக்கு அது மாற்று ஆகாது. கையெழுத்திடும் சாவிகளும் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன, எனவே அந்த பேக்கப் கோப்பு பாஸ்வேர்டு பட்டியலைவிட ஆபத்தானது. என்க்ரிப்ட் செய்யாமல் எங்கும் அனுப்பாதீர்கள். மேம்படுத்தும்போது புதுப் பதிப்பு முதல் தொடக்கத்திலேயே டேபிள்களை மாற்றிவிடும். பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரே வழி முந்தைய பேக்கப். எடுத்த பேக்கப்பை வேறொரு மெஷினில் விரித்து லாகின் செய்து பார்க்காதவரை அதை பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை.

யாருக்கு வேண்டாம்

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். உங்களிடம் ஒரே ஒரு செயலிதான் இருக்கிறது என்றால் கீக்ளோக் வேண்டாம். அந்தச் செயலியின் சொந்த லாகினையும் ஓடிபியையும் ஒழுங்காக அமைத்தாலே போதும். வீட்டு சர்வரில் நாலைந்து சின்னச் செயலிகளுக்கு முன்னால் ஒரு வாசல் வேண்டும் என்றால் ஆத்தீலியா பாருங்கள். கோ மொழியில் எழுதியது, மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடும், யாம்ல் கோப்பிலேயே அமைப்பு முடிந்துவிடும். நிறுவனம் ஏற்கெனவே கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் இயங்குகிறது என்றால், செயலிகளை நேரடியாக அதனுடன் இணைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மூன்று நான்கு செயலிகள், இருபது பேருக்கு மேல், வந்துபோகிற ஆட்கள், மாதம் ஒருமுறையாவது மேம்பாட்டைப் பார்க்க ஒருவர். இத்தனையும் இருந்தால் கீக்ளோக் உழைப்புக்குத் தகுதியானது. அந்த ‘ஒருவர்’ இல்லையென்றால் நிறுவாதீர்கள். மேம்படுத்தாத லாகின் சர்வர், தனித்தனியாக இருந்த நான்கு பாஸ்வேர்டுகளைவிட மோசமானது. ஆள் இருக்கிறார் என்றால், இன்று டவுன்லோட் வேண்டாம். துணை டொமைன் பெயரை முடிவு செய்து, டிஎன்எஸ்ஸில் போட்டு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அது ஒரே இடத்துக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.